எக்ஸ்டெண்டரில் மாட்டிய நாஸ் ஏன் அடிக்கடி காணாமல் போகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்து ஹாலில் ஃபைபர் மோடமும் ரவுட்டரும். மாடி அறையில் சுவர் பிளக்கில் செருகும் வைஃபை எக்ஸ்டெண்டர். அதன் லேன் போர்ட்டில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி, அதாவது வீட்டுக் கருவிகள் எல்லாம் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி. கீழே லேப்டாப்பில் திறந்தால் சில நேரம் வருகிறது, சில நேரம் ‘நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை’ என்று விண்டோஸ் கைவிரிக்கிறது. பெரிய ஃபோல்டரைக் காப்பி போட்டால் பாதியில் அறுந்துவிடுகிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால் அரை மணி நேரத்தில் தானாகவே திரும்ப வந்துவிடுகிறது. இத்தனைக்கும் அதே மாடியில் இன்டர்நெட் நன்றாக ஓடுகிறது. டிஸ்க் போய்விட்டதா, நாஸை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம். இந்த அறிகுறிகளைப் பார்த்தால் பெட்டியிலோ டிஸ்க்கிலோ கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. நடுவில் இருக்கும் எக்ஸ்டெண்டர் மேல்தான் எனக்குச் சந்தேகம். உறுதிப்படுத்திக்கொள்ள எளிய வழி உண்டு. நாஸை முறைப்படி ஷட்டவுன் செய்து, கீழே கொண்டுவந்து, ரவுட்டரின் லேன் போர்ட்டிலேயே நேராக மாட்டி இரண்டு மூன்று நாள் ஓட விடுங்கள். ஒரு தடவைகூட அறுபடவில்லை என்றால் விஷயம் முடிந்தது. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலோ ரவுட்டர் பக்கத்து அலமாரியிலோ அதற்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டு, மேற்கொண்டு படிக்காமலே போய்விடலாம்.

மாடியில்தான் வைத்தாக வேண்டும் என்பவர்களுக்கும், காரணம் தெரியாமல் தூக்கம் வராது என்பவர்களுக்கும் மீதி.

‘இன்டர்நெட் ஓடுகிறதே, இது மட்டும் ஏன்?’ என்ற கேள்வி நியாயமானது. யூடியூப் பல விநாடிக்கான வீடியோவை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் ஐந்து விநாடி இணைப்பு போய் வந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. பிரவுசரும் பக்கம் வராவிட்டால் சத்தமில்லாமல் மறுபடி கேட்டு வாங்கிவிடும். நாஸில் உள்ள ஃபோல்டரைத் திறக்கப் பயன்படும் எஸ்எம்பி அப்படியில்லை. லேப்டாப்புக்கும் நாஸுக்கும் நடுவே ஒரு தொடர்பு திறந்தபடியே இருக்க வேண்டும். எந்த ஃபைல் திறந்திருக்கிறது, யார் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தத் தொடர்போடு சேர்ந்தவை. அது அறுந்தால் காப்பியும் அறுந்தது. போதாக்குறைக்கு, இன்டர்நெட் பயன்பாடு விட்டு விட்டுத்தான் வரும். 50 ஜிபி காப்பி என்பது வைஃபையை மணிக்கணக்கில் மூச்சுவிடாமல் வேலை வாங்கும். எக்ஸ்டெண்டரின் பலவீனம் அப்போதுதான் தெரியவரும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘நாஸ் டிஸ்கனெக்ட் ஆகிறது’ என்று எல்லாரும் சொல்வதில் மூன்று வெவ்வேறு புகார்கள் கலந்திருக்கின்றன. விண்டோஸின் நெட்வொர்க் பட்டியலில் நாஸ் தெரியவில்லை என்பது ஒன்று. தெரிகிறது, ஆனால் திறக்கவில்லை என்பது இன்னொன்று. திறந்து வேலை நடக்கும்போது அறுகிறது என்பது மூன்றாவது. பிழைச் செய்தியில் வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். 80070035 என்று முடிந்தால் தேடிய இடத்தில் நாஸ் கிடைக்கவில்லை என்று பொருள். 80070040 என்று முடிந்தால், கிடைத்த தொடர்பு நடுவில் போய்விட்டது என்று பொருள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பட்டியலில் தெரியாதது பெரும்பாலும் இணைப்புக் கோளாறே இல்லை. பட்டியல் உருவாவது, ‘இங்கே யார் யார் இருக்கிறீர்கள்?’ என்று வீட்டு நெட்வொர்க் முழுக்கக் கேட்கும் அறிவிப்புகளால். மேக் கம்ப்யூட்டரும் ஐபோனும் இதற்கு எம்டிஎன்எஸ் என்ற முறையைப் பயன்படுத்துகின்றன, அது 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு 5353-ஆம் போர்ட்டில் போகும். இன்றைய விண்டோஸ் 239.255.255.250 என்ற முகவரிக்கு 3702-ஆம் போர்ட்டில் கேட்கும். இவையெல்லாம் மல்டிகாஸ்ட், அதாவது ஒருவருக்கென்று இல்லாமல் பலருக்குமாக அனுப்பப்படுபவை. ரவுட்டரோ எக்ஸ்டெண்டரோ இவற்றை வைஃபையில் ஒலிபரப்பும்போது ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை கிடையாது. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான், மறுபடி அனுப்ப மாட்டார்கள். சில எக்ஸ்டெண்டர்கள் இவற்றைக் கடத்துவதிலேயே சுணக்கம் காட்டும்.

அதனால் பட்டியலை நம்பாதீர்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக்கோடு போட்டு நாஸின் ஐபி எண்ணை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்ணை, நேராக அடியுங்கள்: \\192.168.1.200 என்பது போல. மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்டும் கே-யும் சேர்த்து அழுத்தினால் முகவரி கேட்கும். இப்படித் திறந்துகொண்டால் உங்கள் நாஸ் எங்கேயும் போகவில்லை, பெயர் தேடும் ஏற்பாடுதான் சொதப்புகிறது. ஐபி எண்ணை வைத்தே டிரைவை மேப் செய்துவிட்டால், அதாவது நாஸ் ஃபோல்டரை லேப்டாப்பில் ஒரு டிரைவாகவே பதிந்துவிட்டால், அந்தத் தொல்லை தீர்ந்தது.

இந்த இடத்தில் பலர் தரும் ஒரு யோசனையை மட்டும் கேட்காதீர்கள்: ‘எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1-ஐ ஆன் செய், பட்டியலில் வந்துவிடும்.’ வரும், வாஸ்தவம்தான். பழைய பட்டியல் முறை அதைச் சார்ந்தே இருந்தது. ஆனால் 2017 மே மாதம் உலகமெங்கும் பரவி, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைப் புது இன்ஸ்டாலேஷன்களில் சேர்ப்பதையே நிறுத்திவிட்டது. நாஸின் செட்டிங்கில் குறைந்தபட்சப் பதிப்பை எஸ்எம்பி2 என்று வைத்தால் போதும்.

தெரிகிறது, திறக்கவில்லை என்ற இரண்டாவது வகை இப்போது அதிகம் காதில் விழுவதற்குக் காரணம் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு. அதன் புரோ பதிப்பில் பாஸ்வேர்ட் இல்லாத ‘கெஸ்ட்’ நுழைவு மூடப்பட்டிருக்கிறது. டேட்டா வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் எஸ்எம்பி கையொப்பமும் கட்டாயம். பழைய நாஸை யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று வைத்திருந்தவர்களுக்கு அப்டேட் ஆன மறுநாளே கதவு அடைபட்டது. நாஸில் ஒரு யூசர், ஒரு பாஸ்வேர்ட் உருவாக்கி அதன் வழியாக நுழையுங்கள், ஃபர்ம்வேரையும் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பியுங்கள். இதற்கும் எக்ஸ்டெண்டருக்கும் சம்பந்தமில்லை.

இனி மூன்றாவது, உங்களுடைய உண்மையான பிரச்சினை.

எங்கே அறுகிறது என்று கண்ணால் பார்க்க காசு செலவில்லாத கருவி பிங். ஒரு கருவியை ‘இருக்கிறாயா?’ என்று கேட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. கமாண்ட் பிராம்ப்ட்டில் மூன்று ஜன்னல் திறந்து பக்கம் பக்கமாக வையுங்கள். ஒன்றில் ரவுட்டர், ஒன்றில் எக்ஸ்டெண்டர், ஒன்றில் நாஸ். எக்ஸ்டெண்டருக்கும் தனி ஐபி உண்டு. ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் இணைந்த கருவிகள் பட்டியலில் இருக்கும். பிங் என்று அடித்து, முகவரி போட்டு, கடைசியில் கோட்டுக் குறியுடன் t எழுத்தைச் சேர்த்தால் (ping 192.168.1.200 -t என்பது போல) நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். இதை ஓட விட்டுவிட்டு, வழக்கமாக அறுபடும் அந்தப் பெரிய காப்பியைத் தொடங்குங்கள்.

காப்பி நிற்கும் தருணத்தில் மூன்று ஜன்னலையும் ஒரே பார்வையில் பாருங்கள். மூன்றுமே நின்றால் உங்கள் லேப்டாப்பின் வைஃபையே போய்விட்டது. மாடியைக் குறை சொல்லிப் பயனில்லை. ரவுட்டர் பதில் சொல்கிறது, எக்ஸ்டெண்டரும் நாஸும் சேர்ந்து நின்றுவிட்டன என்றால் ரவுட்டருக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவே உள்ள காற்றுவழிதான் அறுகிறது. எக்ஸ்டெண்டர் பதில் சொல்கிறது, நாஸ் மட்டும் சொல்லவில்லை என்றால் கேபிள், நாஸின் தூக்கம், மாறிப்போன ஐபி, முகவரிக் குழப்பம் இவற்றில் ஒன்று. மூன்றும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க ஃபோல்டர் மட்டும் செத்துப்போனால் நெட்வொர்க்கை விட்டுவிட்டு நாஸின் லாகையும் விண்டோஸையும் பாருங்கள்.

நின்றுபோனபோது என்ன வாசகம் வருகிறது என்பதும் முக்கியம். ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்றால் அனுப்பியது போனது, பதில் வரவில்லை. ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று வந்தால் அந்த வரியின் தொடக்கத்தில் உள்ள ஐபி யாருடையது என்று பாருங்கள். அது உங்கள் லேப்டாப்பின் சொந்த ஐபியாக இருந்தால், ‘இந்த ஐபி யாருடையது?’ என்று லேப்டாப் கூவிக் கேட்டும் யாரும் ‘நான்தான்’ என்று சொல்லவில்லை என்று பொருள். எக்ஸ்டெண்டர் வீடுகளில் இந்த வரி அடிக்கடி கண்ணில் படும்.

காரணம், எக்ஸ்டெண்டர் முகவரிகளைக் கையாளும் விதம். ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் தொழிற்சாலையில் பதித்த மேக் (MAC) முகவரி ஒன்று உண்டு; மேக் கம்ப்யூட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டுக்குள் டேட்டா உண்மையில் அதை வைத்துத்தான் போய்ச் சேர்கிறது. ஐபி எண் அதற்கு மேல் போட்ட பெயர்ப்பலகை. வைஃபையில் ஒரு கருவி ரவுட்டருக்கு அனுப்பும் ஃப்ரேமில், அதாவது டேட்டாப் பொட்டலத்தில், வழக்கமாக மூன்று மேக் முகவரிகளுக்குத்தான் இடம்: காற்றில் வாங்கும் ரவுட்டர், அனுப்பும் கருவி, போய்ச்சேர வேண்டிய இடம். ‘அனுப்புவது நான்தான், ஆனால் இது என்னுடையதில்லை, எனக்குப் பின்னால் கேபிளில் தொங்கும் நாஸுடையது’ என்று சொல்ல நான்காவது இடம் வேண்டும். நான்கு முகவரி முறை உண்டு, டபிள்யூடிஎஸ் என்பார்கள். ஆனால் ஒரு கம்பெனியின் கருவியும் இன்னொரு கம்பெனியின் கருவியும் அதில் ஒத்துப்போவது நிச்சயமில்லை. எந்த ரவுட்டருடனும் வேலை செய்ய வேண்டும் என்று விற்கப்படும் எக்ஸ்டெண்டர்கள் அதனால் குறுக்குவழியில் போகின்றன: பின்னால் இருக்கும் எல்லாக் கருவிகளின் மேக் முகவரியையும் அழித்துவிட்டுத் தன் முகவரியைப் போட்டு அனுப்புகின்றன. சில மாடல்கள் முகவரியின் முன்பாதியை மட்டும் மாற்றுகின்றன. ஒண்டுக்குடித்தன வீட்டில் எல்லாக் குடும்பத்துத் தபாலும் வீட்டுக்காரர் பெயரில் வந்து, அவர் பிரித்துப் பார்த்து அவரவருக்குக் கொடுக்கும் ஏற்பாடு இது.

இதை நீங்களே பார்க்கலாம். கீழே ரவுட்டரில் இணைந்த லேப்டாப்பில், மாடியில் உள்ள நாஸ், டிவி, எக்ஸ்டெண்டர் மூன்றுக்கும் ஒருமுறை பிங் அடித்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டில் எந்த ஐபிக்கு எந்த மேக் முகவரி என்று காட்டும் ஏஆர்பி கட்டளையைக் கோட்டுக் குறியும் ஏ எழுத்தும் சேர்த்து (arp -a) ஓட்டுங்கள். இடது பக்கம் மூன்று வெவ்வேறு ஐபி, வலது பக்கம் ‘ஃபிசிக்கல் அட்ரஸ்’ பத்தியில் ஒரே எண் மூன்று முறை. அப்படி வந்தால் உங்கள் எக்ஸ்டெண்டர் இந்த ரகம்தான்.

எந்த ஐபி எந்தக் கருவிக்கு என்று எக்ஸ்டெண்டர் தனக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கும். லேப்டாப்பும் டிவியும் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதால் அவற்றின் பெயர் பட்டியலில் புதுப்பித்தபடியே இருக்கும். நாஸ் அப்படியில்லை, கேட்டால்தான் பேசும். நெடுநேரம் யாரும் கேட்காமல் இருந்தால் மட்டமான ஃபர்ம்வேர் உள்ள சில எக்ஸ்டெண்டர்கள் அதைப் பட்டியலிலிருந்து கழித்துவிடும். அப்புறம் கீழேயிருந்து கேட்பது அதற்குப் போய்ச் சேராது. கொஞ்ச நேரம் கழித்து நாஸ் தானாகவே கடிகாரம் சரிபார்க்கவோ அப்டேட் தேடவோ வெளியே ஒரு வார்த்தை பேசும். உடனே பட்டியலில் மறுபடி ஏறிவிடும். ‘அரை மணி நேரத்தில் தானாக வருகிறது’ என்று நீங்கள் சொன்னதற்கு இது மிகவும் பொருந்துகிறது. சோதிக்க வேண்டுமானால், நாஸ் காணாமல் போன நேரத்தில் மாடியில் எக்ஸ்டெண்டரின் வைஃபையில் இணைந்த போனில் நாஸின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து அப்டேட் தேடச் சொல்லுங்கள். அந்த நொடியே கீழே நிற்கும் பிங் உயிர்பெற்றால் ஆள் பிடிபட்டான். ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் நாஸில் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டருக்கு பிங் அனுப்பும் சின்ன டாஸ்க் ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம். ஒட்டுப்போட்ட வேலைதான், ஆனால் நடக்கும்.

ரவுட்டருக்கும் எக்ஸ்டெண்டருக்கும் ஒரே வைஃபை பெயர் வைத்திருந்தால் இன்னொரு குழப்பமும் சேரும். லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி ஏறுகிறீர்கள். அது ரவுட்டரை விட்டு எக்ஸ்டெண்டருக்குத் தாவுகிறது. கீழே இருந்தபோது நாஸின் ஐபிக்கு எக்ஸ்டெண்டரின் மேக் முகவரி. மேலே போனதும் நாஸின் சொந்த மேக் முகவரி. பழைய குறிப்பை லேப்டாப் மறக்கும்வரை டேட்டா தவறான வாசலைத் தட்டிக்கொண்டிருக்கும். சோதனை முடியும்வரையாவது எக்ஸ்டெண்டருக்குத் தனிப் பெயர் வையுங்கள். எதில் இணைந்திருக்கிறோம் என்று தெரியாமல் எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஐபி எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாஸின் ஐபி மாறக்கூடாது என்பதற்காக ரவுட்டரில் மேக் முகவரியை வைத்து ரிசர்வேஷன் போட்டிருப்பீர்கள். நாஸின் அடியில் ஸ்டிக்கரில் உள்ள மேக் முகவரியைப் பார்த்துப் போட்டிருந்தால் எக்ஸ்டெண்டர் வழியாக வரும்போது அது பலிக்காமல் போகலாம்; ரவுட்டர் பார்ப்பது வேறு முகவரியை. இந்த அமைப்பில் ரிசர்வேஷனை விட, நாஸின் உள்ளேயே நிலையான ஐபி போடுவது மேல். ரவுட்டர் 192.168.1.100 முதல் 199 வரை தானாகக் கொடுக்கிறது என்றால் நாஸுக்கு 200 போடுங்கள். கேட்வே ரவுட்டரின் எண், சப்நெட் மாஸ்க் 255.255.255.0.

இது நம் ஊரில் கூடுதலாக உதவும், கரண்ட் போய் வரும்போது. கரண்ட் வந்ததும் எக்ஸ்டெண்டர் சீக்கிரம் எழுந்துவிடும். ஃபைபர் மோடமும் ரவுட்டரும் முழுசாக எழ இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகும். அதற்குள் நாஸ் எழுந்து ‘எனக்கு ஒரு ஐபி கொடுங்கள்’ என்று கேட்கும். கொடுக்க ரவுட்டர் இல்லை. அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். நாஸ் 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும். அந்த எண்ணோடு வீட்டில் வேறு யாருடனும் பேச முடியாது. அல்லது எக்ஸ்டெண்டரே ஐபி கொடுத்துவிடும். ரவுட்டர் கிடைக்காத நேரத்தில் தானே டிஹெச்சிபி சர்வராக வேலை செய்யும் ‘ஆட்டோ’ செட்டிங் சில எக்ஸ்டெண்டர்களில் உண்டு. ரவுட்டர் வந்தபிறகும் நாஸ் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதே எண்ணை ரவுட்டர் வேறு கருவிக்குக் கொடுத்தால் இரண்டும் மோதும். எக்ஸ்டெண்டரின் டிஹெச்சிபி சர்வரை ‘ஆஃப்’ என்று வையுங்கள், ஆட்டோ வேண்டாம். இன்வெர்ட்டர் லைனில் ரவுட்டர் இருந்து எக்ஸ்டெண்டர் மட்டும் இல்லாத வீடுகளிலும் இதே மாதிரி வினோதங்கள் வரும். எல்லாவற்றையும் ஒரே லைனில் கொண்டுவருவது நல்லது. நாஸுக்கு யுபிஎஸ் கட்டாயம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் நெட்வொர்க் மட்டுமல்ல, டேட்டாவே போகும்.

எக்ஸ்டெண்டராகப் பழைய ரவுட்டரைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மாடியில் ஐபி 192.168.0 என்றும் கீழே 192.168.1 என்றும் தொடங்கினால் மாடி தனி நெட்வொர்க் ஆகிவிட்டது. மேலிருந்து கீழே பார்க்கலாம், கீழிருந்து மேலே பார்க்க முடியாது. அக்சஸ் பாயின்ட் அல்லது ரிப்பீட்டர் மோடுக்கு மாற்றினால் சரியாகும்.

எல்லாம் சரி, பிங் ஜன்னலில் எக்ஸ்டெண்டரும் நாஸும் சேர்ந்துதான் நிற்கின்றன என்றால் காற்றுவழியைப் பார்க்க வேண்டும். எக்ஸ்டெண்டர் வைக்கும் இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சிக்னல் வராத அறையிலேயே கொண்டுபோய் மாட்டினால், வராத சிக்னலைத்தான் அது பெருக்கிக் கொடுக்கும். போனில் முழு கோடு காட்டுகிறதே என்றால், அது போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவே உள்ள சிக்னல். பார்க்க வேண்டியது எக்ஸ்டெண்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ளதை. எக்ஸ்டெண்டரின் செட்டிங் பக்கத்தில் டிபிஎம் கணக்கில் இருக்கும். மைனஸ் 67-க்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி. மைனஸ் 75-ஐத் தாண்டி 80-ஐ நோக்கிப் போனால் பெரிய காப்பியெல்லாம் பகல்கனவு.

கம்பி கட்டிய கான்கிரீட் தளம் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை மோசமாக விழுங்கும், 2.4 ஓரளவு ஊடுருவும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபையெல்லாம் அங்கேதான் நெரிசலடிக்கும். நம் வீடுகளில் தளத்தில் இருக்கும் ஒரே பெரிய திறப்பு படிக்கட்டு. படி திரும்பும் இடத்திலோ, மேல்படி முடியும் இடத்திலோ எக்ஸ்டெண்டரை வைத்துப் பாருங்கள். அங்கே லைட் சுவிட்ச் இருக்கும், பிளக் பாயின்ட் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒன்று வைத்தால் புது எக்ஸ்டெண்டர் வாங்கும் காசு மிச்சம்.

வேகத்தின் கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். கீழே லேப்டாப் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது, எக்ஸ்டெண்டரும் ரவுட்டரோடு அதே 5 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு துண்டும் லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து எக்ஸ்டெண்டருக்கு ஒருமுறை என அதே சேனலில் இரண்டு தடவை காற்றில் போகிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் வேகம் பாதிக்குப் பாதி. லேப்டாப்பைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்தால் இதில் ஒரு தடவை மிச்சம். லேப்டாப்பை மாடிக்குக் கொண்டுபோய் எக்ஸ்டெண்டரிலேயே இணைத்தால் டேட்டா ரவுட்டருக்கே போகாது, நேராக எக்ஸ்டெண்டர் வழியாக நாஸுக்கு. அங்கே காப்பி அறுபடாமல் ஓடினால் நாஸ் நலமாக இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். இன்னொன்று, மலிவான எக்ஸ்டெண்டர்கள் பலவற்றில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். அட்டைப்பெட்டியில் 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் அந்த போர்ட் வழியாக விநாடிக்கு 11, 12 எம்பிக்கு மேல் போகாது. 50 ஜிபி போட்டோவுக்கு ஒன்றேகால் மணி நேரம், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்.

சேனலை ரவுட்டரில் ‘ஆட்டோ’வில் விடாதீர்கள். அது நினைத்தபோது சேனலை மாற்றும், எக்ஸ்டெண்டர் தேடிப் பிடிக்கும்வரை மாடி இருட்டு. 2.4-இல் 1, 6, 11 மூன்றில் ஒன்று. 5-இல் 36 முதல் 48 வரை, அல்லது 149-க்கு மேல். நடுவில் உள்ள 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாருக்கு வழிவிட வேண்டியவை. ரேடார் மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் ரவுட்டர் உடனே விலகிவிடும். அந்த வரிசையிலேயே வேறு சேனலுக்குப் போனால் முதலில் குறைந்தது 60 விநாடி சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். காப்பி அறுபட அது போதாதா?

சில சில்லறை விஷயங்கள். நாஸில் ஜம்போ ஃப்ரேம் 9000 என்று இருந்தால் 1500-க்குக் கொண்டுவாருங்கள். வைஃபை வழியாக அந்த அளவு போகவே போகாது. டிஸ்க் தூங்கும் நேரத்தை நீட்டுங்கள். தூக்கத்திலிருந்து எழுந்து சுற்ற எடுக்கும் பத்து விநாடியைச் சிலர் டிஸ்கனெக்ட் என்று எண்ணிவிடுகிறார்கள். மேப் செய்த டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி இருந்து, தொட்டதும் திறந்துகொண்டால் அது கோளாறே இல்லை. விண்டோஸ் சும்மா கிடக்கும் தொடர்பை மூடி வைக்கும், அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்தால் நிலைமை தேறும். ஆனால் என் அபிப்பிராயம் மாறவில்லை: சேமிப்புப் பெட்டியை எக்ஸ்டெண்டருக்குப் பின்னால் வைக்கக்கூடாது. போனும் டிவியும் எக்ஸ்டெண்டரில் இருக்கட்டும், நாஸ் ரவுட்டரோடு கேபிளில் இருக்கட்டும். மாடியில்தான் வேண்டும் என்றால் மாடிக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். பல வீடுகளில் கேபிள் டிவிக்கோ பழைய டெலிபோனுக்கோ விட்ட பைப் சுவருக்குள் சும்மா கிடக்கும். அதில் கேட்6 நெட்வொர்க் கேபிள் தாராளமாக நுழையும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் சேர்த்து இழுக்க விடாதீர்கள். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேட்டு, முழுச் செம்பையே வாங்குங்கள். விலை வித்தியாசத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். 100 மீட்டர் வரை கவலையில்லை. மேலே அதே எக்ஸ்டெண்டரை அக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிக் கேபிளில் மாட்டினால் வைஃபையும் சேர்ந்து தேறிவிடும். நாஸுக்கும் அதற்குமாக ஐந்து போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று போதும்.

சுவரைத் தொடவே முடியாத வாடகை வீடு என்றால் அடுத்த தேர்வு மெஷ், அதாவது பல பெட்டிகளை அங்கங்கே வைத்து ஒரே வைஃபையாக நடத்தும் ஏற்பாடு. ஒரே கம்பெனியின் பெட்டிகள் தங்களுக்குள் நான்கு முகவரி முறையில் பேசிக்கொள்வதால் மேலே சொன்ன முகவரிக் குழப்பம் பெரும்பாலும் வராது. தங்களுக்குள் பேசத் தனி ரேடியோ உள்ள மூன்று பேண்ட் மாடலாக இருந்தால் வேகமும் தப்பிக்கும். மின்சார ஒயர் வழியாகவே நெட்வொர்க் கொண்டுபோகும் பவர்லைன் கருவியை நான் கடைசியில்தான் சொல்வேன். மூன்று ஃபேஸ் வீட்டில் கீழ் பிளக்கும் மேல் பிளக்கும் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் அது தடுமாறும், இன்வெர்ட்டர் குறுக்கே வந்தாலும் அப்படித்தான். திருப்பிக் கொடுக்க முடியும் கடையில் வாங்கிப் பார்க்கலாம்.

அதுவரை பாதியில் அறுந்த காப்பிகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். விண்டோஸில் இழுத்துப் போடுவதற்குப் பதில் ரோபோகாப்பி பயன்படுத்துங்கள். அதில் சாய்வுக்கோடும் இசட் எழுத்தும் சேர்த்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேக்கின் டைம் மெஷினை இந்த வழியில் ஓட விடாதீர்கள். அடிக்கடி அறுந்தால் ஒருநாள் பேக்கப் முழுவதையும் புதிதாகத் தொடங்கச் சொல்லும். கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டரை நாஸில் வைத்து நேராக வேலை செய்வதும் கூடாது. எழுதும் நொடியில் அறுந்தால் அந்த ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம்.

ரவுட்டரில் நேராக மாட்டியும் அறுகிறது என்றால்தான் நாஸைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது முதலில் கேபிளை மாற்றுங்கள், அடுத்து பவர் அடாப்டரை. இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகச் சுழலத் தொடங்கும்போது நாஸ் ரீஸ்டார்ட் ஆனால் பெரும்பாலும் அடாப்டர்தான் களைத்துப்போயிருக்கும். அப்புறம் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் ‘ரீஅலோகேட்டட்’, ‘பெண்டிங்’ என்ற இரண்டு வரிகளில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். பெண்டிங் வரியில் எண் ஏறிக்கொண்டே போனால் வேறு எதையும் சோதிக்க வேண்டாம், முதலில் டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள்.